ஐயாதுரை நகர்த்திய கல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் செல்வலட்சுமியின் அலுவலகம் இருந்தது. பால் சுண்டும் வாசனை காலையிலேயே படியேறி வந்துவிடும். அந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்து களவையும் மோசடியையும் பற்றிப் பேசுவது அவருடைய உதவியாளர் தனுஷ்கோடிக்குப் பெரும் சோதனை. அடிக்கடி காரணம் சொல்லாமல் கீழே போவார், வாயைத் துடைத்துக்கொண்டே மேலே வருவார். முன்பு போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு கடையை மூடிவிட்டு, போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற செல்வலட்சுமியிடம் சேர்ந்தார். தலை நரைத்த பிறகும், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் குற்றவாளி என்று முடிவு கட்டும் வேகம் மட்டும் அவருக்குக் குறையவே இல்லை.

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் ஹெப்சிபா அந்தப் படியேறி வந்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முகத்தைப் பார்த்தால் பல நாள் தூங்காதவள் என்று தெரிந்தது.

"எங்க அப்பாவைத் திருடன்னு சொல்லுதாக மேடம்," என்றாள். "இல்லைன்னு சொல்ல அவிய உயிரோட இல்லை."

செல்வலட்சுமி மின்விசிறியைக் கூட்டி வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அப்பா பேரு ஐயாதுரை. வத்திராயிருப்புல எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கு. வடக்குப் பக்கத்துத் தோப்பு ராஜபாளையம் நைனா முகமது மாமாவோடது. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையில இருந்தே சிநேகிதம். மாப்ளே, மாப்ளேன்னுதான் பேசிக்கிடுவாக. இந்த நோன்பு மாசத்துல மாமா மகன் இம்ரான் மெஷினை வச்சுத் தோப்பை அளந்திருக்கான். மேற்கு மூலை எல்லைக்கல்லு பத்தடி வடக்கே, அவங்க நிலத்துக்குள்ள தள்ளி இருக்குன்னு சொல்லிட்டான். எங்க அப்பாதான் தள்ளி வச்சாகன்னு பேச்சாயிருச்சு. பெருநாள் முடிஞ்ச வாரம் அப்பா மாரடைப்புல போயிட்டாக. அடக்கத்துக்கு மாமா வரலை. கல்லறைத் தோட்டத்துலயே ரெண்டு பேரு பேசினாக, கல்லைத் தள்ளி வச்ச பாவம்னு. என் காதுபட மேடம்."

"நான் என்ன செய்யணும்மா?"

"அப்பா தப்புப் பண்ணியிருந்தா அதையும் சொல்லிருங்க. தாங்கிக்கிடுவேன். தெரியாம இருக்கதுதான் தாங்க முடியலை."

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போனதும், "நைனா முகமதுதான் யக்கா. நிலத்துக்கு ஆசைப்பட்டுப் பழி போட்டிருக்கார்," என்றார்.

"அவரை நீங்க பார்த்ததுண்டா?"

"இல்லை."

"பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் செய்துவந்தார் நைனா முகமது. கடை முழுக்க வெள்ளைத் துணிச் சுருள்கள். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்ததும் தனுஷ்கோடியின் முடிவு ஆட்டம் கண்டது. ஆசைப்பட்டதை அடைந்தவரின் முகமாக அது இல்லை. எதையோ தொலைத்துவிட்டு அதை வெளியே சொல்ல மறுப்பவரின் முகமாக இருந்தது.

"அவன் வேற யாரையும் ஏமாத்தியிருந்தா நான் அவன் பக்கம் நின்னிருப்பேன்," என்றார். "என்னையே ஏமாத்திட்டானேம்மா."

"அவர்தான் நகர்த்தினார்னு எப்படிச் சொல்றீங்க?"

"என் மகன் மூலைக்கு அடையாளக் குச்சி அடிச்ச மறுநாள் நானே போய்ச் சொன்னேன். குச்சி அவன் தோப்புக்குள்ள நின்னுச்சு. செத்த நேரம் அதையே பார்த்தான். மெஷின் அப்படிச் சொல்லுதா மாப்ளேன்னு கேட்டான். ஆமான்னேன். அம்புட்டுத்தான், வேற ஒரு வார்த்தை பேசலை. அந்த வாரத்துலயே கல்லு குச்சி இருந்த இடத்துக்கு வந்துருச்சு. கல்லைச் சுத்தி ஈர மண்ணு. மாட்டிக்கிட்டதும் கமுக்கமாத் திருப்பி வச்சுட்டான். தப்புப் பண்ணாதவன் ஏம்மா திருப்பி வைக்கணும்?"

தனுஷ்கோடி தன்னையறியாமல் தலையாட்டினார்.

"இதை யாரிட்டயாவது சொன்னீங்களா?"

"வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சுச் சொன்னேன். நாலு பேரு இருந்தாக. வருசா வருசம் அவன் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடுத்தனுப்புவேன். அதையும் நிறுத்திட்டேன்."

"அடக்கத்துக்கு?"

நைனா முகமது ஒரு துணிச் சுருளைப் பிரித்து, மறுபடி சுற்றினார். "போகலை," என்றார்.

மகன் இம்ரான் கடை மாடியில் இருந்தான். நில அளவைத் தொழில் செய்பவன். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னான்.

"மத்த மூணு மூலையையும் நோன்புக்கு முந்தியே காலை நேரத்துல அளந்துட்டேன் மேடம். மேற்கு மூலையும் கிணறும் மட்டும் பாக்கி. நோன்பு தொடங்கிருச்சுன்னா பகல்ல நிக்க முடியாது. வெயிலு, தண்ணி வேற குடிக்க முடியாது. அதனால வத்திராயிருப்புப் பள்ளிவாசல்ல நோன்பு திறந்துட்டு, அந்தி மஃரிப் தொழுதுட்டுத் தோப்புக்குப் போனேன். நோன்பு மாசம் பூரா எங்க வேலை அப்படித்தான், இருட்டின பொறவு."

"மெஷின் எப்படி வேலை செய்யும்?"

"ரெண்டு பெட்டி. ரெண்டுமே மேல சுத்துற செயற்கைக்கோளைப் பார்த்துத்தான் இடத்தைச் சொல்லும். ஒண்ணு அசையாம ஒரே இடத்துல நிக்கணும். அது இந்தக் கடை மொட்டைமாடியில எப்பவும் நிக்கி. இன்னொண்ணு என் கையில. மாடியில இருக்கது எம்புட்டுப் பிசகு வருதுன்னு கண்டுபிடிச்சு போன் வழியாச் சொல்லும். கையில இருக்கது அந்தப் பிசகைக் கழிச்சுக்கிடும். பத்திரத்து அளவுப்படி மேற்கு மூலை எங்க வரணுமோ அங்க என்னைக் கூட்டிட்டுப் போச்சு. கல்லு அங்க இல்லை."

"அன்னைக்கு மெஷின் ஒழுங்கா நின்னுச்சா?"

முதல் முறையாக இம்ரான் யோசித்தான். "எண்ணு கொஞ்சம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. தோப்புல சிக்னல் அப்படித்தான்னு விட்டுட்டேன். ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு நேரமாச்சு. ஓரளவுக்கு நின்னதும் குச்சியை அடிச்சுட்டேன். கிணத்தையும் அப்பவே எடுத்துட்டேன்."

படியிறங்கும்போது தனுஷ்கோடி முணுமுணுத்தார். "பாவம் அந்தப் பொண்ணு. அப்பாதான் பண்ணியிருக்கார் யக்கா."

"காலையில நைனா, மத்தியானம் ஐயாதுரை. சாயங்காலம் யாரு?" என்று கேட்டுவிட்டு செல்வலட்சுமி வண்டியில் ஏறினார்.

வத்திராயிருப்புத் தோப்பில் ஹெப்சிபா அவர்களுக்காகக் காத்திருந்தாள். கல் இப்போது நின்ற இடத்தில் மண் இன்னும் இறுகவில்லை. அங்கிருந்து பத்தடி வடக்கே, பழைய இடத்தில் இரண்டு தென்னை மட்டைகள் குறுக்கே கிடந்தன. செல்வலட்சுமி அவற்றை விலக்கினார். குழி மூடப்பட்டு, மண் மட்டமாகத் தட்டிவிடப்பட்டிருந்தது.

"இதைத் தோண்டணும்," என்றார்.

தனுஷ்கோடி வீராவேசமாக மண்வெட்டியை வாங்கினார். பத்து வெட்டுக்குள் மூச்சு வாங்கியது. மீதியை ஹெப்சிபா வெட்டினாள். ஒரு முழத்துக்கு லேசாகப் பெயர்ந்த மண், அதற்குக் கீழே கெட்டியாகிவிட்டது. கெட்டி மண்ணுக்குள் கரித்துண்டுகளும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும் கிடந்தன. தென்னை வேர் அவற்றின் ஊடே புகுந்து, சில்லுகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது.

"யாரோ அடுப்பெரிச்சிருக்காக போல," என்றார் தனுஷ்கோடி.

செல்வலட்சுமி வேரோடு ஒரு சில்லை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கல் இப்போது நிற்கும் இடத்தில், கல்லை ஒட்டி அடிவரைக்கும் தோண்டச் சொன்னார். அங்கே செம்மண்ணைத் தவிர எதுவும் இல்லை. கடைசியாக இம்ரான் அளந்த கிணற்றுக்குப் போய் அதன் சுவரில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். தாகமாக இருக்கும் என்று நினைத்து தனுஷ்கோடி ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

திரும்பும் வழியில் கிருஷ்ணன்கோவிலில் இறங்கினார்கள். அங்கே பொறியியல் மாணவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தும் சப்ரீன், செல்வலட்சுமிக்குத் தெரிந்தவர். இம்ரான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு சப்ரீன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோன்பு இந்த வருசம் எந்தத் தமிழ் மாசத்துல வந்துச்சு?"

"மாசிக் கடைசியும் பங்குனியும். அளந்தது பங்குனியில."

சப்ரீன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலையிலயே மெஷினோட வாரேன்," என்றார்.

மறுநாள் காலை அத்தனை பேரும் தோப்பில் கூடினார்கள். நைனா முகமது வர மறுத்திருந்தார். மகன்தான் வற்புறுத்தி அழைத்து வந்தான். வந்தவர் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

இம்ரான் நோன்புக்கு முன் அளந்த கிழக்கு மூலைக் கல்லின் மேலேயே சப்ரீன் ஒரு பெட்டியை நிறுத்தினார். இன்னொன்றைக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை இம்ரானிடம் காட்டினார். அவன் தன் போனில் இருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மறுபடி பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"சொல்லுங்க இம்ரான்," என்றார் செல்வலட்சுமி.

"அன்னைக்கு நான் எடுத்ததுல கிணறு... பத்தடி வடக்கே காட்டுது மேடம்."

"கல்லு பத்தடி வடக்கே தள்ளியிருக்குன்னு சொன்னீங்க. அதைத் தள்ளினது ஐயாதுரைன்னு சொன்னீங்க. அப்போ கிணத்தைத் தள்ளினது யாரு?"

தோப்புக்குள் மயில் ஒன்று கத்தியது.

சப்ரீன்தான் விளக்கினார். "செயற்கைக்கோள் சிக்னல் அங்க இருந்து இங்க வந்து சேர எம்புட்டு நேரம் ஆச்சுங்கிறதை வச்சுத்தான் மெஷின் தூரத்தைக் கணக்குப் போடும். சிக்னல் தாமதமா வந்தா தூரம் தப்பாயிரும். வானத்துல ரொம்ப உயரத்துல, சூரியன் பட்டுப் பட்டு மின்னூட்டம் ஏறின ஒரு அடுக்கு இருக்கு. சிக்னலைத் தாமதப்படுத்துறது அதுதான். சாதாரணமா அதனால தொந்தரவில்லை. ரெண்டு பெட்டிக்கும் மேல ஒரே மாதிரி வானம் இருந்தா, ஒண்ணோட பிசகை வச்சு இன்னொண்ணைத் திருத்திக்கலாம். ஆனா நம்ம தென்கோடி, பூமியோட காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கு. பொழுது சாஞ்சதும் இங்க அந்த அடுக்கு உடைஞ்சு, கொதிக்கிற தண்ணி மாதிரி குமிழ் குமிழாக் கிளம்பும். பங்குனியிலயும் புரட்டாசியிலயும் ரொம்ப அதிகம். சூரியன் கொந்தளிப்பா இருக்க வருசம்னா கேக்கவே வேண்டாம். இப்போ அப்படிப்பட்ட வருசம்தான்."

"அதனால?" என்றான் இம்ரான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டான்.

"உங்க ஒரு பெட்டி ராஜபாளையத்து வானத்தைப் பாக்குது, இன்னொண்ணு வத்திராயிருப்பு வானத்தை. நடுவுல குமிழ் வந்துருச்சுன்னா ரெண்டும் வேற வேற வானம். ராஜபாளையத்துல மழை பெய்யுதான்னு விசாரிச்சுட்டு இங்க குடை பிடிச்ச மாதிரிதான் அது. எண்ணு ஆடினது தோப்பால இல்லை தம்பி. காலையில அளந்த மூணு மூலையும் சரியா இருக்கு. நோன்பு திறந்த பொறவு அளந்தது மட்டும்தான் பிசகு."

இம்ரான் தரையில் உட்கார்ந்துவிட்டான். வருடா வருடம் நோன்பு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வரும். இந்த முறை அது பங்குனியில் வந்து விழுந்தது. நல்ல எண்ணத்தோடு, நோன்போடு, அவசரமாக ஒரு குச்சியை அடித்த பையன். அவன் மேல் கோபப்பட அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

"மெஷின் பிசகுச்சு, சரி," என்றார் நைனா முகமது. இன்னும் திரும்பவில்லை. "கல்லு நகர்ந்தது நிசம்தானே? அவன் நகர்த்தினது நிசம்தானே?"

"நிசம்," என்றார் செல்வலட்சுமி. ஹெப்சிபா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "நகர்த்தினது ஐயாதுரைதான். எங்கே இருந்து எங்கே நகர்த்தினார்ங்கிறதுதான் கேள்வி. தனுஷ்கோடி, நேத்து எடுத்ததைக் காட்டுங்க."

தனுஷ்கோடி கரியையும், வேரில் சிக்கிய ஓட்டுச் சில்லையும் காட்டினார். அடுப்பெரித்தது என்று தான் சொன்னதை யாரும் நினைவுபடுத்தாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"எல்லைக்கல் நடும்போது அடியில கரியும் ஓட்டுச் சில்லும் போட்டு மூடுற வழக்கம் இந்தப் பக்கத்துல உண்டு. கரி மக்காது. யாராவது கல்லை நகர்த்தினா, தோண்டிப் பார்த்து நிசமான இடத்தைக் கண்டுபிடிக்கலாம். போலீஸ்ல இருந்தப்போ இப்படி எத்தனையோ வரப்புச் சண்டையைத் தீர்த்திருக்கேன். பழைய குழியில கரி இருக்கு. இப்போ கல் நிக்கிற இடத்துல இல்லை."

"கரியை அப்பொறவு யாராவது போட்டிருக்கலாம்ல யக்கா?" என்று தனுஷ்கோடியே கேட்டார்.

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் வேரோட வெட்டி எடுத்தேன். தென்னை வேர் ஒரு ஓட்டுச் சில்லை இப்படி இறுக்கிப் பிடிக்கப் பல வருசம் ஆகும். ஒரு மாசத்துல ஆகாது." அவர் நைனா முகமதின் பக்கம் திரும்பினார். "திருடின ஆள் பயந்துபோய்க் கல்லைத் திருப்பி வச்சா, கரி இருக்கிற இடத்துக்குத்தான் கொண்டு வருவான். ஐயாதுரை கரி இருந்த இடத்துல இருந்து கல்லைப் பிடுங்கி, கரியே இல்லாத இடத்துல, தன் தோப்புக்குள்ள பத்தடி தள்ளி நட்டிருக்கார். மேற்கே அரை வரிசைத் தென்னை இப்போ உங்க பக்கம் நிக்குது. அத்தனையும் அவர் வச்ச மரம். ஒண்ணு மட்டும்தான் எனக்குத் தெரியலை. அடியில கரி இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

நைனா முகமது அப்போதுதான் திரும்பினார். கரித்துண்டைக் கையில் வாங்கினார். விரல்கள் கறுத்தன.

"தெரியும்," என்றார். "எங்க அத்தாவும் அவன் அப்பாவும் கல்லை நட்டாக. கரியைப் போட்டது நாங்க ரெண்டு பேரு. குழிக்குள்ள இறங்கி ஓட்டுச் சில்லை அடுக்கினோம். கையெல்லாம் கரியாகி வீட்டுல அடி வாங்கினோம். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கும் தெரியும்மா. தோண்டிப் பார்க்கணும்னு எனக்கு ஏன் தோணலை?"

அவர் கரித்துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கரி கிடக்கேடா, தோண்டுடான்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அவர் ஜெயிச்சிருப்பார்," என்றார் செல்வலட்சுமி. "நீங்களும் உங்க மகனும் தோத்திருப்பீங்க. நீங்க வந்து கேட்ட விதத்துல, உங்க மனசு முடிவு பண்ணிட்டதை அவர் பார்த்திருப்பார். அரை வரிசைத் தென்னையை விட்டுக் குடுத்தா சிநேகிதம் மிஞ்சும்னு நினைச்சிருப்பார். இது என் ஊகம்தான். கரி சொன்னது வரைக்கும்தான் என்னால உறுதியாச் சொல்ல முடியும்."

ஹெப்சிபா அழுதாள். அப்பா இறந்த அன்றுகூட அவளால் அப்படி அழ முடிந்திருக்காது. நட்புக்காக ஒரு மனிதர் தானாகக் கொடுத்ததைத் திருட்டின் ஒப்புதல் என்று ஊரே படித்திருக்கிறது. அது தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. நோன்பு முடியும் வரை கஞ்சியாவது வரும் என்று அவர் காத்திருந்திருப்பாரோ என்னவோ. நினைக்கவே வேதனையாக இருந்தது. வழக்கு முடிந்தால் உற்சாகமாகிவிடும் தனுஷ்கோடிகூட அன்று மண்வெட்டியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார்.

நைனா முகமது அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். "கல்லை இப்பவே பழைய இடத்துல நடுதேன். இம்ரான், வாலே, பிடி."

"வேண்டாம் மாமா," என்றாள் ஹெப்சிபா.

"உன் நிலம்மா அது."

"அது அப்பா வச்ச கல்லு. அங்கேயே இருக்கட்டும்."

"ஏம்மா, அந்த மரத்துக் காயை நான் எப்படித் திங்க?"

"தின்னணும் மாமா. அதுக்குத்தானே குடுத்தாக." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கு நிலம் வேண்டாம். டீக்கடையில சொன்னீகள்ல, அங்கேயே ஒரு தடவை வந்து சொல்லுங்க. அது போதும்."

நைனா முகமது கரி படிந்த கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலைக் கூட்டம் நிறைந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டீ போடும் பட்டறை முன்னால் போய் நின்ற நைனா முகமதைப் பார்த்து, "டீயா பாய்?" என்று கேட்டார் கடைக்காரர். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி பேசினார்.

"கல்லை நகர்த்தினது ஐயாதுரைதான்னு இங்க வச்சுச் சொன்னேன். அது நிசம்தான். நகர்த்தினது அவன்தான். அவன் நிலத்தை எனக்குக் குடுக்கிறதுக்காக நகர்த்தினான். நான் அவனைத் திருடன்னு சொன்னேன்."

டீ ஆற்றும் சத்தம் நின்றது. ஹெப்சிபாதான் பெஞ்சை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து அவரை உட்கார வைத்தாள்.